இறால் வேண்டுமென்றால் முதலில் தண்ணீரைக் காட்டுங்கள்

வாங்க வந்தவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவதில் பெயர் எடுத்த விற்பனையாளர் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். விற்பது இறால். கறிக்கு அல்ல. கண்ணாடித் தொட்டியில், பச்சைச் செடிகளுக்கு நடுவே, சுண்டு விரலில் பாதி நீளத்தில், நாள் முழுக்க எதையாவது மேய்ந்துகொண்டு திரிகிற நன்னீர் இறால். சிவப்பு, நீலம், மஞ்சள், கறுப்பு வெள்ளைக் கோடு என்று எட்டுத் தொட்டிகள். ஹனோவர் நகரத்தின் விளிம்பில் ஒரு பெரிய தோட்டக்கடை. பூச்சட்டி, உரமூட்டை, இறைச்சி சுடுகிற அடுப்பு எல்லாவற்றையும் தாண்டி உள்ளே போனால் செல்லப்பிராணிப் பகுதி வரும். அதன் கடைசிச் சுவரில் என் தொட்டிகள்.

நீங்களும் ஒரு தொட்டியை வீட்டில் வாங்கி வைத்துவிட்டு, காலையில் தேநீருக்கு முன்பே மூக்கைக் கண்ணாடியில் ஒட்டி, நேற்று இருந்தவை எல்லாம் இன்றைக்கும் இருக்கின்றனவா என்று பார்க்கிறவர் என்றால், வாருங்கள், நமக்கு ஒரே வருத்தம்தான். இல்லாதவர்கள் இதை வாசித்துவிட்டு நிம்மதியாக ஒரு பூனை வளர்க்கலாம்.

இந்த வருடம் மார்ச் மாதம் எங்கள் முதலாளி ஃப்ராவ் கிராமர், அதாவது திருமதி கிராமர், என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வாங்கிப்போன இறால் செத்துவிட்டது என்று முறைப்பாடுகள் கூடிவிட்டன, செப்டெம்பர் வரைக்கும் பார்ப்பேன், சரிவராவிட்டால் எட்டுத் தொட்டியையும் எடுத்துவிட்டு அந்தச் சுவரில் நாய் பிஸ்கட் அடுக்குவேன் என்றார். நாய் பிஸ்கட் சாகாது என்பது அவருடைய வாதம். ஆனால் அந்த எட்டுத் தொட்டியையும் ஆறு வருடமாகக் கட்டி வளர்த்தவள் நான். ஒவ்வொரு பாசிக்கட்டையும் என் கையால் நூல் சுற்றிக் கட்டியது. சும்மா விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

முறைப்பாட்டைக் குறைக்கச் சொன்னாரே தவிர, எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்லவில்லை. அன்றைக்கே ஒரு காகித மட்டையில் எழுதித் தொட்டிகளுக்கு மேலே ஒட்டினேன். தொட்டியில் தண்ணீர் விட்டு ஆறு கிழமை, அதாவது நாற்பத்திரண்டு நாள், ஆகியிருக்க வேண்டும். அந்தத் தண்ணீரில் ஒரு ஜாம் போத்தல் நிறையக் கொண்டுவர வேண்டும். நான் சோதிப்பேன். சரியென்றால் இறால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

சம்பளச் சான்றிதழ்

மட்டை ஒட்டிய முதல் நாளே மாட்டியவர் ஒரு நெட்டை மனிதர். தள்ளுவண்டியில் தொட்டி, மணல், வடிகட்டி, விளக்கு, ஆறு வகைச் செடி எல்லாம் ஏற்றிக்கொண்டு கடைசியாக என்னிடம் வந்து, இருபது சிவப்பு இறால் என்றார். தொட்டி எங்கே என்று கேட்டேன். வண்டியைக் காட்டினார். தண்ணீர் எப்போது விட்டீர்கள் என்று கேட்டேன். இன்றைக்குப் பின்னேரம் விடுவேன் என்றார். இணையத்தில் எல்லாம் வாசித்துவிட்டதாகவும் சொன்னார். எல்லாம் வாசித்தவர்கள்தான் எங்கள் தொழிலில் மிகவும் ஆபத்தானவர்கள்.

புதுத் தொட்டியில் தண்ணீர் பார்க்கப் பளிங்குபோலத்தான் இருக்கும். கழிவைத் தின்று தீர்க்கிற நுண்ணுயிர்கள் அதில் இன்னும் குடிவரவில்லை என்பது கண்ணுக்குத் தெரியாது. அவை வந்து பெருகும்வரை நைட்ரைட் என்கிற நஞ்சு ஏறும், பிறகுதான் இறங்கும். செடி வேர்பிடித்து, கண்ணாடியில் மெல்லிதாகப் பாசி படிந்து, அடடா அழுக்காகிவிட்டதே, கழுவுவோமா என்று உங்களுக்குக் கை துறுதுறுக்கிற நாளில்தான் அது இறாலுக்கு வீடு. இவ்வளவையும் சொல்லி, ஆறு கிழமை கழித்துப் போத்தலோடு வாருங்கள் என்றேன். அவர் மட்டையை இரண்டு தரம் வாசித்தார். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டே சொன்னார்: "இந்த நகரத்தில் வாடகைக்கு வீடு தேடியபோதுகூட என்னிடம் சம்பளச் சான்றிதழ் மட்டும்தான் கேட்டார்கள்."

பத்தில் ஒன்று போனால் பத்து

ஃப்ராவ் போடே எழுபதைத் தாண்டியவர், தனியாக இருப்பவர். அவருடைய தொட்டியும் சரி, தண்ணீரும் சரி. எனக்கே பொறாமை வந்தது. பத்து நீல இறால் கொடுத்தேன். இரண்டாவது கிழமை, நான் சாப்பிடப் போன நேரம் பார்த்து வந்து, ஒன்று செத்துவிட்டது என்று முறைப்பாட்டுப் படிவம் நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். உடனே தொலைபேசி எடுத்தேன். எப்படிக் கிடந்தது என்று கேட்டேன். கால், மீசை, கண் எல்லாம் முழுதாக இருந்தது, நிறம் மட்டும் இல்லை, கண்ணாடித் தாள்போல இருந்தது என்றார். மற்றவற்றை எண்ணிவிட்டு வாருங்கள் என்றேன். போய் எண்ணிவிட்டு வந்து, பத்து என்றார்.

பத்து வாங்கினீர்கள், பத்தும் இருக்கின்றன, அப்படியானால் செத்தது எது என்று கேட்டேன். இறால் வளர வளர ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது ஓட்டோடு போகும், கழற்றியதை எடுக்காமல் விட்டால் அவையே தின்று அதிலுள்ள சுண்ணாம்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று விளக்கினேன். பால்கனிப் பூச்சட்டியில் புதைத்து ஒரு மெழுகுதிரியும் கொளுத்தியதாக மெல்லிய குரலில் சொன்னார். நான் சிரிக்கவில்லை. ஒரு இறாலுக்கு மெழுகுதிரி கொளுத்துகிற மனிதரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வராது. ஆனால் ஃப்ராவ் கிராமரிடம் போய் இந்த முறைப்பாட்டைக் கணக்கிலிருந்து எடுங்கள், செத்தது இறால் இல்லை, அதன் உடுப்பு என்று வாதாடினேன். அவர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதில் இறந்தது, நோயுற்றது என்று இரண்டு கட்டங்கள்தான் உண்டு, உடுப்பு மாற்றியது என்று கட்டம் இல்லை."

என் கையால் போனவை

இப்படி ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற நான் ஒன்றும் சுத்தமான ஆள் இல்லை. மூன்று வருடங்களுக்கு முன்பு, புதிதாக வந்த செடிக்கட்டு ஒன்றை, பார்க்க அழகாக இருக்கிறதே என்று அப்படியே மஞ்சள் தொட்டியில் நட்டுவிட்டேன். செடிப் பண்ணைகளில் பூச்சிக்கு மருந்து அடிப்பார்கள். இரண்டு கிழமையாவது தனி வாளியில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவிவிட்டுத்தான் இறால் பக்கமே கொண்டுபோக வேண்டும். அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சிக் காலத்திலேயே சொல்லித் தந்தது. எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். அவசரம்.

மத்தியானம் நட்டேன். பின்னேரம் வாடிக்கையாளர் ஒருவர் வந்து, இவை ஏன் இப்படி நடனமாடுகின்றன என்று கேட்டார். நாற்பது இறால்கள் சுழன்று சுழன்று, மல்லாந்து விழுந்து, கால்களை உதறிக்கொண்டிருந்தன. வலையில் அள்ளி அள்ளி நல்ல தண்ணீருக்கு மாற்றினேன். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. களஞ்சிய அறையில் உரமூட்டையின் மேல் உட்கார்ந்து அழுதேன். நாய் உணவுப் பகுதியைப் பார்க்கிற ஊவே எனக்குப் பத்து வருடம் மூத்தவர், ஒரு நாளைக்கு மூன்று வசனத்துக்கு மேல் பேசாதவர். வந்தார், காகிதக் கைக்குட்டையை நீட்டிவிட்டுச் சொன்னார்: "இனிமேல் வேறு யாரையும் நீ இப்படிச் செய்ய விடமாட்டாய், அதை நினைத்தால்தான் எனக்கு வாடிக்கையாளர்களைப் பற்றிப் பயமாக இருக்கிறது."

ஊறுகாய்ப் போத்தல்

சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி எங்கள் ஊர்க்காரரான தவமக்கா வந்தார். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. அங்கே கூடத்தில் வைத்திருக்கிற தொட்டியைப் பார்த்து ஆசை வந்துவிட்டதாம். என் தொட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், "பிள்ளை, இது நல்லாப் பெருகினால் ஒரு சொதிக்குக் காணுமோ?" என்று கேட்டார். தேங்காய்ப்பால் சொதி வைக்கப் போதுமா என்று கேட்டுவிட்டுச் சிரிக்கவும் இல்லை. "இல்லை அக்கா, இது சும்மா பாக்கிறதுக்கு மட்டும்தான்" என்றேன். "பாக்கிறதுக்கு வீட்டில ரீவி கிடக்கு" என்று சொல்லிவிட்டு, தொட்டியும் மணலும் செடியும் வாங்கிப் போனார்.

ஆறு கிழமை கழித்துப் போத்தல் வந்தது. சோதனைத் துளியை விட்டேன். அமிலம் அளவுகோலைத் தாண்டிப் போய்விட்டது. இந்தத் தண்ணீரில் ஆணியே கரையும், இறால் எந்த மூலை. மறுபடி செய்தேன், அதே. பிறகுதான் போத்தலை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். மாங்காய் ஊறுகாய். மூடியின் உட்பக்கத்தில் ஒரு கடுகுகூட ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு தரம் கழுவினது என்று சத்தியம் பண்ணினார். முடியாது என்றேன். அடுத்த முறை வேறு போத்தல், அருமையான தண்ணீர். இறாலை வலையில் எடுத்துப் பையில் விடப்போகும்போது, தான் நேரே ஊன்ட்றொப் ஊர் அம்மன் கோயில் தேர்த்திருவிழாவுக்குப் போவதாகச் சொன்னார். கார் வெயிலில் நிற்கும், இறால் பின் இருக்கையில் இருக்குமாம். இறாலைத் திரும்பத் தொட்டியில் விட்டேன். அக்காவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "தேர் முடிய வாங்கோ" என்றேன்.

முடியத்தான் வந்தார். பையிலுள்ள இறாலை வாளியில் விட்டு, மெல்லிய குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, உங்கள் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இரண்டு மணித்தியாலம் விடுங்கோ, சட்டென்று தண்ணீர் மாறினால் தாங்காதுகள் என்று சொல்லிக் கொடுத்தேன். பன்னிரண்டு இறால். ஆகஸ்ட் கடைசியில் கைபேசியில் படம் காட்டினார். எண்ணவே முடியவில்லை, நூற்றுக்கு மேல் இருக்கும். மற்றவர்கள் விளக்கு, வாயு, விலையுயர்ந்த பொடி என்று என்னவெல்லாமோ போட்டு அல்லாடுகிறார்கள். அக்கா என்னதான் செய்கிறார் என்று கேட்டேன். கிழமைக்கொருக்கால் அவித்த கீரை இலை ஒன்று, ஒரு சின்ன வாளி தண்ணீர் மாற்றல், அவ்வளவுதானாம். தினமும் பார்ப்பதில்லையா என்றேன். "நாலு பிள்ளையளை வளத்து எடுத்தனான், ஒவ்வொரு நாளும் அளந்து பாத்தோ வளத்தனான்?"

போத்தலில் தெரியாதது

இனி வருவது நான் தோற்ற கதை. அல்லது தோற்றேன் என்று எல்லோரும் நினைத்த கதை. கார்த்திக், நித்யா என்று ஓர் இளம் தம்பதி, கோயம்புத்தூர்க்காரர்கள். கார்த்திக் மென்பொருள் வேலை. சொன்ன சொல் தட்டாத வாடிக்கையாளர்கள். ஆறு கிழமை காத்திருந்தார்கள், போத்தல் சுத்தம், தண்ணீர் சுத்தம், சொட்டு முறையும் பிசகாமல் செய்தார்கள். மே மாதம் வாங்கிய பத்தும் ஒரே கிழமையில் செத்தன. ஜூனில் மறுபடி பத்து. செத்தன. ஜூலையிலும் செத்தன. மூன்று முறையும் போத்தலைச் சோதித்துச் சரி என்று கொடுத்தவள் நான். கார்த்திக் பொறுமை இழந்து, சாகப்போகிற இறாலை விற்கிறார்கள் என்று இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டார். ஃப்ராவ் கிராமர் அதைக் காகிதத்தில் எடுத்து என் முன் வைத்து, உங்கள் ஜாம் போத்தல் எங்கே போனது என்று கேட்டார். எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. கோபம் அதைவிட.

அடுத்த சனிக்கிழமை எனக்கு லீவு. வீட்டுக்கு வருகிறேன் என்று கார்த்திக்குக்குச் சொன்னேன். "அதெல்லாம் எதுக்குக்கா, சிரமம்" என்றார். சிரமம் எனக்குத்தான், நீங்கள் கதவைத் திறந்தால் போதும் என்றேன். போய்ப் பார்த்தால் தொட்டியில் குறையே இல்லை. செடிகள் செழித்துக் கிடந்தன, வடிகட்டியின் வாயில் குஞ்சுகள் உறிஞ்சப்படாமல் பஞ்சுகூட மாட்டியிருந்தார்கள். இருவருக்கும் கண் கலங்கியிருந்தது. மிச்சம் இருப்பது செம்பு ஒன்றுதான் என்று நினைத்தேன். செம்பு தண்ணீரில் துளி கலந்தாலும் இறால் தாங்காது. இங்கே பல கட்டடங்களில் தண்ணீர்க் குழாயே செம்புதான். கடையில் நான் பார்க்கிற சோதனையில் செம்பு கிடையாது. அதனால் தனிச் சோதனைப் பெட்டி ஒன்று கொண்டு போயிருந்தேன். குழாய்த் தண்ணீரைச் சோதித்தேன், நிறம் மாறவில்லை. தொட்டித் தண்ணீரைச் சோதித்தேன், மாறியது. குழாயில் இல்லாதது தொட்டிக்கு எப்படி வந்தது? வழக்கமாக எப்படித் தண்ணீர் மாற்றுவீர்களோ அப்படியே செய்து காட்டுங்கள் என்றேன்.

நித்யா சமையலறைக்குள் போய், இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, பளபளவென்று புளி போட்டுத் துலக்கிய செப்புக்குடம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். "ராத்திரியே புடிச்சு வெச்சிருவோம்க்கா. செப்புத் தண்ணி உடம்புக்கு அவ்ளோ நல்லது. நாங்க குடிக்கறதையேதான் இதுங்களுக்கும் ஊத்தறோம்" என்றார். ஒரு ஜெர்மன்காரியாக இருந்தால் இதைக் கண்டுபிடிக்காததற்கு மன்னிக்கலாம். கும்பம் வைக்கிற செம்பு என் வீட்டு அலுமாரியிலும் இருக்கிறதே. தங்களுக்கு வைத்திருந்த நல்லதை இறாலுக்கும் பங்கு போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் அவர்கள் செய்த பிழை. விஷயத்தைச் சொன்னதும் நித்யா குடத்தைத் தரையில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றார். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் மாற்றுங்கள், மணலையும் மாற்றுங்கள், செம்பு இல்லை என்று நான் சோதித்துச் சொல்லும்வரை உங்களுக்கு இறால் கிடையாது என்றேன். ஆமாம், அந்த நேரத்திலும் அதைத்தான் சொன்னேன். வாசல்வரை வந்த கார்த்திக் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ரிவ்யூவை நான் மாத்திடறேன்க்கா, ஆனா குடம் குடுத்து அனுப்புன எங்கம்மாகிட்ட மட்டும் இதை நீங்களே சொல்லிடுங்க."

வலை

கார்த்திக் ஐந்து நட்சத்திரம் போட்டு, குடத்தின் கதையையும் எழுதினார். ஃப்ராவ் கிராமர் வாசித்துச் சிரித்தார். சிரித்துவிட்டு, முறைப்பாடு குறைந்தது உண்மைதான், ஆனால் நீங்கள் திருப்பி அனுப்புகிற வேகத்தில் வாடிக்கையாளரும் குறைந்துவிட்டார்கள் என்றார். செப்டெம்பர் கடைசியில் தொட்டிகள் எடுக்கப்படும் என்றும் சொன்னார். நாய் பிஸ்கட் அடுக்கும் அலமாரித் தட்டு ஏற்கனவே வந்து, உறை பிரிக்காமல் என் சுவருக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றது. ஊவே ஒவ்வொரு முறை அதைக் கடக்கும்போதும் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார். நான் சொன்னேன், கடை உங்களுடையது, எடுப்பதென்றால் எடுங்கள், ஆனால் கடைசி இறால் போகும்வரை மட்டையை எடுக்க மாட்டேன்.

அதற்கு அடுத்த புதன்கிழமை ஃப்ராவ் கிராமர் தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தார். தங்கை பல் மருத்துவர். புதிதாகத் திறக்கிற மருத்துவமனையின் காத்திருப்பு அறைக்குச் சிவப்பு இறால் பத்து வேண்டும், வெள்ளிக்கிழமை திறப்புவிழா. தொட்டியில் எப்போது தண்ணீர் விட்டீர்கள் என்று கேட்டேன். சனிக்கிழமை என்றார். அப்படியானால் அக்டோபர் கடைசியில் போத்தலோடு வாருங்கள் என்றேன். ஃப்ராவ் கிராமர் என்னைப் பார்த்தார். ஒரு முறை விதிவிலக்குச் செய்யலாம் என்றார். முடியாது என்றேன். இது வேண்டுகோள் இல்லை என்றார். வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்றுகூட ஒரு கணம் மனதில் ஓடியது. ஆனால் கை வலையை எடுக்க மறுத்துவிட்டது. கொல்வதற்கென்று தெரிந்துகொண்டு நான் எடுத்துத் தர மாட்டேன், வேண்டுமானால் நீங்கள் எடுங்கள் என்று வலையை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கினார். பாசிக்கட்டையைக் கலைத்து, இறால்களைத் தொட்டி முழுக்கத் துரத்தி, பத்தைப் பிடித்துப் பையில் விட்டார். பையை நான் வாங்கி, தடித்த பேனாவால் அதன்மேல் "தொட்டியின் வயது: நான்கு நாள்" என்று எழுதித் தங்கையின் கையில் கொடுத்தேன். ஃப்ராவ் கிராமர் சட்டைக் கையில் சொட்டிய தண்ணீரைத் துடைத்தார். "இது என் கடை, இவை என் இறால்கள், இவள் என் தங்கை."

ஏழு கிழமை

திங்கட்கிழமை காலை, கடை திறக்குமுன்பே, ஃப்ராவ் கிராமர் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் என் சுவருக்கு வந்தார். நான் தொட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை. திறப்புவிழா நல்லபடி நடந்ததாம். வந்தவர், நின்றவர், வரவேற்பு மேசையில் இருந்தவர் என்று எல்லோரும் ஆசையாக ஆளுக்கொரு சிட்டிகை உணவு போட்டிருக்கிறார்கள். தின்ன ஆள் இல்லாத உணவு அழுகியிருக்கிறது. இன்று காலை முதல் நோயாளி, பல்வலியோடு வந்தவர், உட்கார்ந்து தொட்டியைப் பார்த்திருக்கிறார். ஏழு செத்துக் கிடந்தனவாம். மூன்று அசைகின்றனவாம்.

நான் சொன்னேன் அல்லவா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. ஆறு மாதமாகக் காத்திருந்த வார்த்தை. கேட்கவில்லை. எனக்கு வெற்றிபோல இருக்கவில்லை, கோபம்தான் வந்தது. அந்தப் பத்தும் இந்தத் தொட்டியில் பிறந்தவை, முட்டை சுமந்த தாய்களை நான் பார்த்திருக்கிறேன். துணியைப் போட்டுவிட்டு, மூடியுள்ள வாளி, குழாய், சிவப்புத் தொட்டியின் தண்ணீர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, முகவரியை மட்டும் கேட்டேன். அவரே காரில் ஏற்றிக்கொண்டு போனார். காத்திருப்பு அறையில் நான்கு பேர் கன்னத்தைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருக்க, நான் முழங்காலில் நின்று மூன்று இறாலையும் வாளியில் எடுத்தேன். குழாயில் முடிச்சுப் போட்டுச் சொட்டவிட்டபடியே வாளியை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினோம். கடைக்கு வந்ததும், அங்கிருந்து போத்தலில் எடுத்துவந்த தண்ணீரில் நைட்ரைட் சோதனையை அவரே செய்யட்டும் என்று துளிப் போத்தலைக் கொடுத்தேன். அந்தத் தொட்டித் தண்ணீர் நாவற்பழ நிறத்துக்கு, அதாவது நஞ்சின் உச்சத்துக்கு, ஏறுவதை அவர் கண்ணால் பார்த்தார்.

மூன்றில் இரண்டு பிழைத்தன. பின்னேரம் ஊவே, யாரும் சொல்லாமலே, பிஸ்கட் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் பறவைத் தீனிப் பக்கத்தில் வைத்துவிட்டார். ஃப்ராவ் கிராமர் அதைப் பார்த்துக்கொண்டே என் சுவருக்கு வந்தார். தொட்டிகள் வசந்தகாலம்வரை இருக்கட்டும், பிறகு பேசுவோம் என்றார். மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. போகப் போனவர் என் மட்டையின் முன்னால் நின்றார், மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து வாசித்தார். "ஆறு கிழமை போதுமா, அல்லது தங்கையிடம் ஏழு என்று சொல்வது இன்னும் பாதுகாப்பா?"

ஆறு வருடமாக நான் நல்ல ஜெர்மன் மொழியில் சொல்லி யாருக்கும் விளங்காததை எட்டு இறால்கள் செத்து விளங்கவைத்துவிட்டன, ஆகவே அடுத்த முறை உங்களை நான் வெறுங்கையோடு திருப்பி அனுப்பும்போது தயவுசெய்து என் முகத்தில் சிரிப்பை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.